எனக்கென்று ஒரு ஹெட்கார்டு

கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் என் இடது கன்னத்தில் அடி பட்டுக் கறுத்துப் போனது. அதைப் பார்த்துவிட்டுச் செம்மேட்டில் என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேசாத ஆளில்லை. அடித்தது அவர்தான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை, அடித்தது அவர்தான். ஆனால் ஊர் நினைத்த மாதிரி இல்லை.

அவர் கரண்டாபீசில் லைன்மேன். சேலத்தில் காலேஜ் படிக்கும்போதே பாக்ஸிங் பழகியவர். வேலை கிடைத்த பிறகும் விடவில்லை. தொண்ணூற்றெட்டில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. ஆறு மாதத்தில் அவரைக் கொல்லிமலைச் செம்மேட்டுக்கு மாற்றினார்கள். நான் அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டிப் பக்கத்துக்காரி. அப்பாவுக்குக் குச்சிக்கிழங்கும் நிலக்கடலையும் போடுகிற அளவுக்குக் காடு. மலையைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள்தான், ஆனால் மேலே குடியிருப்பேன் என்று நினைத்ததில்லை.

மலையில் அவருக்கு ஒரே ஒரு குறைதான். மோதிப் பழக ஆளில்லை. கோணிச் சாக்கில் மணலும் மரத்தூளும் அடைத்துப் பலாமரத்தில் தொங்கவிட்டு அதைக் குத்திக்கொண்டிருந்தார். சாக்கு திருப்பி அடிக்காது இல்லையா? போட்டி மாதிரியே எதிரில் ஒருத்தரை நிறுத்தி மோதிப் பார்த்தால்தான் கண்ணும் காலும் பழகும். அதற்கு ஸ்பாரிங் என்று பேர். அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சேலம் வரைக்கும் போய்க்கொண்டிருந்தார். லைன் அறுந்துவிட்டது என்று ஆள் வந்தால் அதுவும் கிடையாது. பைல் நாடு, திண்ணனூர் நாடு என்று எந்த மலைக் கிராமமானாலும் கம்பி வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்துவிடுவார்.

அந்த வருஷம் மாநிலப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டு வந்தார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நாலாம் நாள்தான் வாயைத் திறந்தார்.

“அவன் நொட்டாங்கைக்காரன், புள்ள. எல்லாமே எதிர்ப்பக்கமா வருது. எனக்குப் பழக்கமே இல்ல.”

நான் அப்போது களத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பின்னால் மிளகு காயப் போடுகிற சிமெண்ட் களம் ஒன்று இருந்தது, அதன் ஓரமெல்லாம் புல். அவர் பேச்சை நிறுத்திவிட்டு என் கையையே பார்த்தார். அரிவாள் என் இடது கையில் இருந்தது. நான் சாப்பிடுவதும் எழுதுவதும் சோற்றாங்கையில்தான். சின்ன வயதில் அப்பா அடித்து மாற்றிவிட்டார். மற்ற எல்லா வேலைக்கும் இடது கைதான் முதலில் வரும். ஒன்றரை வருஷமாக அவர் பார்த்துக்கொண்டிருப்பதுதான். அன்றைக்குத்தான் அது அவருக்கு வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

“நீ என் எதுருக்க நிக்கறயா?” என்றார்.

“அடிப்பீங்களா?”

“நீதான் அடிக்கணும்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. காலையில் அவர் வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம். சுடிதாரும் அவருடைய பழைய சட்டையும் போட்டுக்கொண்டு நிற்பேன். முதல் மாதம் காலை வைக்கிற விதம் மட்டும்தான். அப்புறம் கையை நீட்டுகிற விதம். இடுப்பு திரும்பாமல் கை மட்டும் போனால் அது குத்தே இல்லை என்பார். மூன்றாவது மாதம் என் இடது கை நேராகப் போய் அவர் மூக்கில் பட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. நான் பயந்து போய்க் கிளவுஸைக் கழற்றப் பார்த்தேன்.

“கழட்டாத! இன்னொண்ணு அதே மாதிரி போடு” என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இப்போதும் எனக்குத் தெரிகிறது.

நான் முழு பலத்தோடு அடிக்கலாம், அவர் கால்வாசி பலத்தில்தான் அடிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் பேச்சு. கால்வாசி என்றாலும் கம்பத்தில் ஏறுகிறவருடைய கை. அதனால் பல்லுக்கு ரப்பர் கார்டும் தலைக்கு ஹெட்கார்டும் போட்டுக்கொள்வேன். ஹெட்கார்டு என்பது நெற்றி, காது, பின்மண்டை எல்லாவற்றையும் மூடுகிற மெத்தை வைத்த தோல் கவசம். எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அவர் காலேஜில் படித்தபோது வாங்கியது. அவர் தலைக்கு அது சரி. என் தலைக்கு அது கவிழ்த்து வைத்த சோற்றுக் குண்டா. நெற்றியில் துண்டை மடித்து வைத்து, தாடைப் பட்டையைக் கடைசி ஓட்டைக்கு இழுத்துக் கட்டிக்கொண்டு சமாளித்தேன்.

ஒரு நாள் சமாளிக்க முடியவில்லை. நான் சட்டென்று தலையைத் திருப்பினேன், தலை மட்டும்தான் திரும்பியது. ஹெட்கார்டு நின்ற இடத்திலேயே நின்று என் இடது கண்ணை மூடிவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய வலது கை கிளம்பி வந்ததை நான் பார்க்கவேயில்லை. பார்த்திருந்தால் ஒதுங்கியிருப்பேன், அது எனக்கு நன்றாக வந்த வேலை. கன்னத்து எலும்பில் விழுந்தது. நான் களத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என் முன்னால் மண்டி போட்டு, கிளவுஸைக்கூடக் கழற்றாமல் என் முகத்தைப் பிடித்துக்கொண்டு, “எத்தன வெரல், எத்தன வெரல்” என்று கேட்டார். கிளவுஸில் ஏது விரல்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் கன்னம் நாவல்பழக் கலருக்கு வந்தது.

எங்கள் வாடகை வீட்டின் ஓனரம்மா பக்கத்து வீட்டில்தான் இருந்தார். குழாயடியில் என் முகத்தைப் பார்த்ததும் குடத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“ஏங்கண்ணு, தெனமும் விடியால தொப்பு தொப்புன்னு சத்தம் கேக்குது. நானும் கேக்கலாமா வேண்டாமான்னு இருந்தேன். நாங்கெல்லாம் எதுக்குச் சாமி இருக்கறோம்?”

“ஐயோ, அதில்லீங்க. பாக்ஸிங் பழகறோமுங்க.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பரிதாபம். புருஷனை விட்டுக்கொடுக்காமல் பொய் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். மற்றவர்களும் அதையேதான் நினைத்தார்கள். சந்தைக்குப் போனால் பேச்சு நின்றது. செய்தி பஸ்ஸில் ஏறி எழுபது வளைவும் இறங்கிக் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார்.

அப்பாவுக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது. என்னைக் குடிவைக்க வந்ததோடு சரி, மலை ஏறவே இல்லை. அன்றைக்கு முகம் வெளுத்து, சட்டையெல்லாம் நனைந்து வாசலில் நின்றார். நான் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன். வாங்கவில்லை. என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“துணிமணிய எடுத்து வை அம்முணி. ஊட்டுக்குப் போலாம்.”

“அப்பா, நீங்க நெனைக்கற மாதிரி இல்லீங்க. வெளையாட்டுல பட்டது.”

“பொண்டாட்டிய அடிக்கறதுக்குப் பேரு இப்ப வெளையாட்டா?”

என்ன சொல்லியும் எடுபடவில்லை. அவர் வரட்டும், அதற்கப்புறம் நீங்கள் கூப்பிட்டால் வருகிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன். அப்பா நாள் முழுக்கச் சாப்பிடவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. திண்ணனூர் நாட்டில் காற்றில் லைன் அறுந்து போயிருந்தது, அதைச் சரிபண்ணிவிட்டு என் வீட்டுக்காரர் சாயங்காலம் வந்தார். மாமனாரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, “வாங்க மாமா, எப்ப வந்தீங்க?” என்றார்.

அப்பா எழுந்து நின்றார். “ஏனுங்க மாப்ள, எம்புள்ள மேல கை வெச்சீங்களா?”

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்காவது கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம்.

“வெச்சேனுங்க மாமா” என்றார்.

நான் ஓடிப்போய்க் கிளவுஸ், ஹெட்கார்டு எல்லாவற்றையும் எடுத்து வந்து அப்பாவின் காலடியில் போட்டேன். “இப்பப் பாருங்கப்பா. பாத்துட்டு எங்க கூப்புட்டாலும் வாரேன்.”

என் வீட்டுக்காரர் முடியாது என்றார். காயம் ஆறாமல் உன் முன்னால் கை ஓங்க மாட்டேன் என்று பிடிவாதம். சரி, நீங்கள் ஹெட்கார்டைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள், கையை ஓங்க வேண்டாம், தடுத்தால் போதும், நான் மட்டும் அடிக்கிறேன் என்றேன். அதற்கு ஒத்துக்கொண்டார்.

களத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஓனரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார். நான் முடியை அள்ளி முடிந்துகொண்டு கால் வைத்தேன். மூன்று நாளாக ஊர் பேசியதெல்லாம் உள்ளே கிடந்தது. வலது கையால் தூரம் பார்த்து, இடுப்பைத் திருப்பி, இடது கையை நேராக விட்டேன். அவர் தடுத்தார். மறுபடியும். மூன்றாவதைத் தடுக்கத் தெரியவில்லை அவருக்கு. தலை பின்னால் போனது. வயிற்றில் ஒன்று, ஒதுங்கி வந்து தலையில் ஒன்று. அவர் இரண்டடி பின்வாங்கிப் பலாமரத்தில் முட்டிக்கொண்டு நின்றார். “போதும் புள்ள, மூச்சு வாங்குது” என்றார் சிரித்துக்கொண்டே.

திரும்பிப் பார்த்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தக் கையத்தான நான் வெளக்குமாத்துல அடிச்சேன்” என்றார்.

அவரே போய்ச் சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

குடித்துவிட்டு வந்து ஹெட்கார்டைக் கையில் வாங்கினார். புரட்டிப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டுத் தலையில் மாட்டி, பட்டையைக் கட்டச் சொன்னார். கட்டியதும் இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். அது சுற்றிக்கொண்டு போய்க் காது ஓட்டை என் கண்ணுக்கு வந்தது.

“ஏனுங்க மாப்ள, இதயா எம்புள்ள தலைல மாட்டி உட்டீங்க?”

அன்றைக்கு அவர் கேட்டதிலேயே நியாயமான கேள்வி அதுதான். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“தப்புத்தானுங்க மாமா. சேலம் போறப்ப இவளுக்குன்னு ஒண்ணு வாங்கலாம்னு இருந்தேன். அளவு குடுத்தா போதும், நாளைக்கே போயி வாங்கியாறேன்.”

“அளவெல்லாம் குடுக்க மாட்டேன்” என்றேன் நான். “நானே வந்து போட்டுப் பாத்துத்தான் எடுப்பேன்.”

மறுநாள் மூன்று பேருமாகச் சேலம் போனோம். அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே எழுபது வளைவையும் கடந்தார். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஸ்போர்ட்ஸ் கடை. கண்ணாடி அலமாரியில் கிரிக்கெட் பேட்டும் கேரம்போர்டும்தான் தெரிந்தன. பாக்ஸிங் என்றதும் கடைக்காரர் ஏணி போட்டு ஏறி, தூசி தட்டி நான்கு டப்பா இறக்கினார். முதல் டப்பாவைத் திறந்து என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

“போட்டுப் பாருங்க தம்பி.”

அப்பா குறுக்கே கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். “மாப்ளைக்கு இல்லீங்க. எம்புள்ளைக்கு. இவருக்கு அடி குடுத்துப் பழக்கறதே அவதானுங்க.”

நேற்றுக் காலையில் என்னைக் கூட்டிப்போக வந்தவர். கடைக்காரர் என்னையும் என் கன்னத்தையும் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன்.

முதலில் எடுத்தது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்தது. கன்னமெல்லாம் மெத்தை, மூக்குக்கு நேராகக் குறுக்கே ஒரு கட்டை. “மூஞ்சியே தெரியல. இதுல அடி எங்க படும்?” என்றார். நான் மாட்டிக்கொண்டேன். கிணற்றுக்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் என் கால் தெரியவில்லை. கீழேயிருந்து ஒரு குத்து விடுங்கள், மெதுவாக, என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கை என் தாடையைத் தொட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“இது வேண்டாமுங்கப்பா. வரது தெரிஞ்சாத்தான் ஒதுங்க முடியும். தெரியாம வந்துதான கன்னம் போச்சு.”

ரெண்டாவது என் வீட்டுக்காரர் சொன்னது. போட்டியில் போடுவது, லேசானது, முகம் முழுக்கத் திறந்திருக்கும். எல்லாம் தெரிந்தது. ஆனால் கண்ணாடியில் பார்த்தால் கறுத்த இடம் அப்படியே வெளியே இருந்தது. நான் விரலால் தொட்டுக் காட்டினேன். அவரே அதைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டார்.

கடைக்காரர் மூன்றாவதாகச் சின்னப் பையன்களுக்கானதை எடுத்தார். சிவப்பு ரெக்ஸின், பளபள என்று இருந்தது. என் தலைக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. அப்பா அதன் நெற்றி மெத்தையைக் கட்டைவிரலால் அமுக்கினார். வெளியில் வைத்த விரல் உள்ளே வைத்த விரலைத் தொட்டது. “பொறகு எதுக்குங்க இது?” என்றார். கடைக்காரரே சிரித்துவிட்டார்.

நான்காவது கறுப்புத் தோல். கன்னத்தில் மெத்தை உண்டு, குறுக்குக் கட்டை இல்லை. பின்னாலும் உச்சியிலும் கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. அமுக்கினால் விரல் உள்ளே போய் மெதுவாகத் திரும்பி வந்தது. போட்டேன். நெற்றியில் சரியாக நிற்கவில்லை, மேலே தூக்கிக்கொண்டு நின்றது. பெரிசாக இருக்கிறது என்று மூன்று ஆம்பிளைகளும் ஒரே முடிவுக்கு வந்து டப்பாவை மூடப் போனார்கள்.

“இருங்க” என்றேன். பெரிசாக இல்லை, என் கொண்டை தூக்குகிறது. கடையில் அத்தனை பேர் இருக்க, கொண்டையை அவிழ்த்து, பின்கழுத்தோடு தாழ்வாக ஒற்றைச் சடை பின்னினேன். கடைக்காரர் மரியாதையாக அந்தப் பக்கம் திரும்பி கேரம் காய்களை அடுக்க ஆரம்பித்தார். மறுபடியும் மாட்டினேன். சடை பின்பட்டைக்குக் கீழே இருந்த இடைவெளியில் வெளியே வந்தது. கயிறை இழுத்துக் கட்டியதும் தலையோடு ஒட்டி உட்கார்ந்தது.

“இப்பத் திருகிப் பாருங்கப்பா.”

அப்பா திருகினார். ஹெட்கார்டு திரும்பவில்லை, என் தலைதான் திரும்பியது. உச்சியில் ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு தட்டு, தாடையைப் பிடித்து மேலே தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அப்புறம் என் வீட்டுக்காரரை இடது பக்கம், வலது பக்கம், கீழே என்று ஒவ்வொன்றாக விடச் சொன்னேன். இரண்டு பக்கமும் தெரிந்தது. கீழேயிருந்து வருவது கொஞ்சம் மறைத்தது. தாடையை நெஞ்சோடு இறக்கிப் பார்த்தேன், அதுவும் தெரிந்துவிட்டது. அவர் வேகத்தைக் கூட்டினார், நான் ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கினேன்.

“மெதுவாங்க, கண்ணாடி இருக்குது!” என்றார் கடைக்காரர்.

“இதுதான்” என்றேன். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

பொட்டலம் கட்டும்போது கடைக்காரர் ஒன்று சொன்னார். இதைப் போட்டால் தோல் கிழியாது, முகம் வீங்காது. ஆனால் பலமாக விழுந்தால் உள்ளே மூளை குலுங்குவதை எந்த ஹெட்கார்டும் நிறுத்தாது. இருக்கிறதே என்று தலையை நீட்டக்கூடாது. அப்பா அவரை இன்னொரு தரம் அதைச் சொல்லச் சொன்னார், மாப்பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு.

செம்மேட்டுக்கு வந்ததும் நான் முதலில் செய்த வேலை, அதை மாட்டிக்கொண்டு ஓனரம்மா வீட்டுக்குப் போனதுதான். கிளவுஸை அவர் கையில் கொடுத்து, “ஒண்ணு போடுங்க” என்றேன்.

“ஐயோ சாமி, நான் மாட்டேன்” என்று வெட்கப்பட்டார். அப்புறம் சும்மா தொடுகிற மாதிரி ஒன்று போட்டார். “வலிக்குதா கண்ணு?” இல்லை என்றதும் அடுத்தது கொஞ்சம் பலமாக வந்தது. நான் ஒதுங்கினேன், அது காற்றில் போனது. அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்கு குத்து விட்டார், ஒன்றுதான் பட்டது. மிளகு அள்ளிக்கொண்டிருந்த பொம்பளைகளெல்லாம் சுற்றி நின்று சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தங்களுக்கும் ஒரு முறை வேண்டும் என்று கேட்டு வாங்கி அடித்தார்கள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரரைப் பற்றி ஊரில் ஒரு பேச்சில்லை.

அடுத்த மாநிலப் போட்டி வரைக்கும் ஒரு நாள் விடாமல் பழகினோம். மழைநாளில் களத்துக்குப் பதில் கூடத்தில். என் முகத்தில் அப்புறம் ஒரு கீறல் விழவில்லை. போட்டிக்கு நானும் சென்னைக்குப் போனேன். கால் இறுதியில் அவருக்கு எதிரே வந்தவன் நொட்டாங்கைக்காரன். பார்வையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, அவன் தோள் அசைந்ததுமே எது வரப்போகிறது என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. மூன்று சுற்றும் அவர் கைதான் ஓங்கியிருந்தது. அரை இறுதியில் வலதுகைக்காரன் ஒருவனிடம் தோற்றார். வெண்கலம்.

வெளியே தாழ்வாரத்தில் வேறு மாவட்டத்துப் பயிற்சியாளர் ஒருவர் வந்து அவர் கையைக் குலுக்கினார். “மலை மேல இருக்கறதா சொல்றாங்க. நொட்டாங்கைக்கு இப்படி ஆடுறதுக்கு அங்க யாரு கிடைச்சா உங்களுக்கு?”

“எங்க ஊட்டுலதானுங்க” என்று அவர் என்னைக் காட்டினார்.

பயிற்சியாளர் சிரித்தார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. சிரிப்பு நின்றதும் அந்த மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தன்னிடம் இருந்த, குத்து வாங்கிப் பழக்குகிற மெத்தை உறையைக் கையில் மாட்டிக்கொண்டு நீட்டினார். நான் சேலையில் இருந்தேன். கையில் இருந்த சாப்பாட்டுப் பையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு, கால் வைத்து ஒன்று விட்டேன். சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. தூரத்தில் நின்றவர்கள் திரும்பினார்கள். பயிற்சியாளர் கையை உதறிக்கொண்டு, “அம்மா, நீங்க எந்த வெயிட்டு?” என்று கேட்டார்.

நான் எந்தப் போட்டியிலும் இறங்கவில்லை. பெண்களுக்கான போட்டி எங்கள் பக்கம் வந்தபோது என் மகள் வயிற்றில் இருந்தாள். டாக்டர் சொல்வதற்கு முன்பே நானாக நிறுத்திவிட்டேன். அதுவரைக்கும் ஒன்றரை வருஷம், நான் அறிந்த வரையில், அந்த மலையில் பாக்ஸிங் ஆடிய பொம்பளை நான் ஒருத்திதான். இதை நான் யாரிடமும் அடக்கமாகச் சொன்னதில்லை.